பெல்ட் நிற்கும் நேரம்

“பெல்ட்ட நிறுத்தும்மா” என்று சூப்பர்வைசர் மணவாளன் சொன்னபோது கிரேஸ் தலையைத் தூக்கவில்லை.

கேட்காமல் இல்லை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையின் அந்த ஷெட்டில் இத்தனை வருடம் நின்றவளுக்கு எந்த இரைச்சலிலும் அவர் குரல் தனியாகக் கேட்கும்.

மூடிகள் வந்துகொண்டே இருந்தன. பெயின்ட் வாளிகளுக்கான வெள்ளை மூடிகள். ஓரம் பிசகியதைப் பொறுக்கி எறிய வேண்டும். உருளைப் பக்கம் ஒன்று சிக்கிக்கொண்டால், பெல்ட் ஓடும்போதே விரலால் சுண்டிவிட வேண்டும். இங்கே அப்படித்தான் வழக்கம்.

எதிர்ச் சுவரில் மத்தியானம்தான் ஒரு பெரிய டிவியை மாட்டியிருந்தார்கள். டெல்லியில் புதிய பிரதமர் பதவியேற்கப் போகிறார். அது முடியும்வரை எல்லா லைனும் நிற்க வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு. பெண்கள் டிவி பக்கம் திரும்பிக் கைதட்டுவார்கள், அதைப் போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பிறகு ஆளுக்கொரு லட்டு.

“போன மாசம் வரிக்கும் இவர ஏசினவங்கதான்க்கா இப்ப லட்டு வாங்கியாந்து கீறாங்க” என்றாள் பக்கத்தில் நின்ற கல்பனா. “இந்த ஆளாச்சும் நம்ம கம்பெனி பஸ்ஸுல ஒரு ஃபேன் மாட்டுவாரா?”

“மொதல்ல கதவு மாட்டட்டும்.”

கிரேஸுக்குப் பழையவர் மேல் பிரியம் இருந்ததில்லை. புதியவர் மேல் கோபமும் இல்லை. சொல்லப்போனால் இவருக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தாள். அதைக் கணவன் ஜெரால்டிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில், உச்சி வெயிலில், வரிசையில் நின்று போட்ட ஓட்டு. ஆள் மாற வேண்டும் என்று போட்டாள். மாறிவிட்டார்.

அவரை அங்கே அனுப்பியதில் தனக்கும் பங்கு உண்டு. அதற்கு எப்போது கைதட்ட வேண்டும் என்று இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூடியைப் புரட்டும்போது நகத்தின் மேல்பாதியில் மை தெரிந்தது. இன்னும் அழியவில்லை. லைனில் எல்லோருக்கும் இடது கை ஆட்காட்டி விரலில் இருந்தது. கல்பனாவுக்கு மட்டும் நடுவிரலில்.

மணவாளன் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

“இன்னாம்மா, சொல்லிக்கினே கீறேன். மேடைக்கு வந்துட்டாரு பாரு. பட்டன அமுத்து.”

சிவப்புப் பட்டன் கிரேஸின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளங்கை அகலம். ஒரு தட்டு போதும்.

ஏற்கெனவே ஒருமுறை மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் அவள். இன்னொரு புகார் வந்தால் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவதாகக் கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மகள் பிரின்சி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

கிரேஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீங்களே அமுத்துங்க சார். நான் அதத் தொடவே கூடாதுன்னு எல்லார் எதிர்லயும் சொன்னது நீங்கதான.”

“அது அன்னிக்கு.”

“இன்னிக்கும் அதே பட்டன்தான சார்.”

லைனில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒருத்தியும் டிவி பக்கம் திரும்பவில்லை. கிரேஸ் பொறுக்காமல் விட்ட மூடிகள் வரிசையாகக் கடந்துபோயின.

“நாளைக்கு கேட்டாண்ட வந்து நில்லு. பாக்கலாம்.”

“வர்றேன் சார். எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்.”

மணவாளன் அவளைத் தாண்டிக் கையை நீட்டித் தானே அழுத்தினார்.

பெல்ட் நின்றது. அதே நொடியில். உருளையருகே போய்க்கொண்டிருந்த மூடி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

திடீரென்று வந்த அமைதியில் டெல்லியிலிருந்து உறுதிமொழி கேட்டது. நிதானமான, தெளிவான குரல். தேசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் குரல்.

கல்பனா நின்றுபோன பெல்ட்டையே பார்த்தாள்.

போன ஆடி மாதம் கிரேஸ் அந்தப் பட்டனை ஓங்கி அடித்தபோதும் இப்படித்தான் நின்றது, அதே நொடியில். யாரையும் கேட்காமல் லைனை அரைமணி நேரம் நிறுத்திவிட்டாள் என்பதற்குத்தான் அந்த மூன்று நாள்.

“எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க, கைதட்டுங்க” என்றார் போனைத் தூக்கிப் பிடித்த ஆபீஸ்காரர்.

யாரும் தட்டவில்லை.

கல்பனா மட்டும் இடது கையை எடுத்து, விரல்களை விரித்து, நின்ற பெல்ட்டின் மேல் வைத்தாள். போட்டோவில் விழட்டும் என்று வைத்தாள்.

நடுவிரலில் மை இருந்தது. வாக்குச்சாவடியில் மைக்குச்சியைப் பிடித்திருந்தவர் முதலில் தேடிய விரல், அதற்குப் பக்கத்தில் இல்லை.