கோதண்டபாணியின் தூண்டில் ரீல்

பீங்கான் ஆலையில் சூளை மேஸ்திரியான கோதண்டபாணி, ஞாயிறுதோறும் கடலூர் போய் மீன் பிடிப்பான். திரும்பியதும் தூண்டில் ரீலை மனைவி அமிர்தத்தின் முன்னால் எறிவான்.

“உப்பு போவ நல்ல தண்ணியில கழுவி எண்ண போடுடி. துரு புடிச்சா கைய ஒடிச்சுடுவேன்.”

ஒருமுறை ஒடிக்கவும் செய்தான்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அலை அவனை இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை, ரீல் மட்டும் வீடு வந்தது. அமிர்தம் அதைக் கழுவவில்லை.

“துரு புடிச்சே நாசமாப் போ” என்று ஊறுகாய் ஜாடியில் போட்டு, கல்லுப்பைக் கொட்டி மூடினாள்.

மறுநாள் திறந்தபோது ரீல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பல்சக்கரத்தில் புது எண்ணெய் மின்னியது. இன்னும் உப்பைக் கொட்டினாள்.

அடுத்த நாள் காலை, தூண்டில் நரம்பு ஜாடியிலிருந்து வெளியேறித் தெருக்கதவுக்கு அடியில் விறைப்பாகப் போயிருந்தது. உள்ளே கைப்பிடி தானாகச் சுற்றி அதை இழுத்துக்கொண்டிருந்தது. அமிர்தம் அரிவாள்மணையால் நரம்பை அறுத்தாள்.

வாசலில் யாரோ பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. பிறகு, எழுந்து நிற்கும் சத்தம்.