தம்பதித் திட்டம்

ஓய்வுபெற்றவர்களுக்கான இரண்டு மருத்துவக் காப்புறுதித் திட்டங்களை முகவர் கேதீஸ் மேசையில் விரித்தான்.

"ஐயா, தனித்தனியா எடுத்தால் அம்மாவின்ர முழங்காலுக்குக் காசு தரமாட்டினம். அது பழைய வருத்தம். தம்பதித் திட்டத்தில அப்படியொரு கேள்வியே இல்லை. அடுத்த மாதமே ஒப்பரேசன் செய்யலாம்."

"தனித்தனியாவே எழுதும் தம்பி" என்றார் அம்பலவாணர்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் பட்டியலில் ஒரு வருடமாகக் காத்திருக்கும் அவர் மனைவி பாக்கியம் பொறுமையிழந்தாள். "இஞ்சேருங்கோ, உங்கட மானத்துக்கு என்ர கால்தானோ கிடைச்சுது?"



"விவாகப் பதிவுப் பத்திரம் ஒண்டு தந்தால் காணும் ஐயா" என்றான் கேதீஸ்.

"ஊர் கூடி நிக்க, கோயில்ல வைச்சுத் தாலி கட்டினனான்! அதுக்கு மேல என்ன கடுதாசி?"

கேதீஸ் குரலைத் தாழ்த்தினான். "அப்ப, பதியேல்லையோ?"

அம்பலவாணர் சுவரைப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் அவர் தலைமை தாங்காத கல்யாணம் இல்லை.

"பரவாயில்லை ஐயா. படிவத்தில இந்தக் கட்டத்துக்குள்ள கையெழுத்து வைச்சாலும் எடுப்பினம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 'மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள்.' காதுமடல் வரை சுட்டது.

பாக்கியம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள்; முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

அவர் கையெழுத்திட்டார்.

கேதீஸ் விடைபெற்றுப் போனதும் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பாக்கியம், தயாளினியையும் அந்தப் பொடியனையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லு."

மணம் செய்யாமல் ஒருவனோடு சேர்ந்து வாழ்கிறாள் என்று மூன்று வருடங்களுக்கு முன் அவர் படியேற விடாமல் துரத்திய ஒரே மகள், தயாளினி.