பொட்டு அழிக்கும் நொதி

ஒரு செல்லின் உட்கருவுக்குள் வால் முளைத்த புரத உருண்டை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி டி.என்.ஏ. என்னும் மரபு நூலின் ஒரு துண்டு கிடந்தது. 'வளர்ந்தது போதும், நில்' என்று செல்லுக்குச் சொல்லும் துண்டு அது. வாலில் ஒரு வேதிப்பொட்டு இருக்கும்வரை நூல் தளர்ந்திருக்கும். செல் அதைப் படித்துக்கொள்ளும்.

பொட்டு அழிக்கும் நொதி வந்தது.

"அண்ணே, இதை மட்டும் விட்டுடுங்க," என்றது உருண்டை. "பொட்டு போனா நூல் இறுகிடும். அப்புறம் நில்லுன்னு சொல்ல ஆளே இருக்காது."

"நூல்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. பொட்டைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."

"பொட்டு வைக்கிற அக்கா திரும்ப வருவாங்களா?"

"வருவா. அவ பின்னாடியே நானும் வருவேன்."

பொட்டு போனது. நூல் இறுகியது. செல் இரண்டானது, நான்கானது, அப்புறம் நிற்கவே இல்லை. பிறந்த செல்களில் எல்லாம் நொதி தன் வேலையைச் செய்தது.

கடைசியில், நெரிசலில் நசுங்கியபடி நொதி கேட்டது: "ஏம்மா, இங்க ஏன் இவ்வளவு கூட்டம்? யாராவது நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

உருண்டையின் வாலில் அப்போதுதான் வைத்த பொட்டு ஒன்று இருந்தது. பேசிக்கொண்டே நொதி அதையும் அழித்தது.