மதியம் மட்டும் மக்கர்

"மவுஸை என்னக்கா பண்ணி வெச்சீங்க?"

இளையவள் போட்ட சத்தம் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் போனது. அங்கே மூத்தவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். வாய்க்கு இருவரிடமும் பஞ்சமில்லை.

"உன் எலிக்கு நான் ஒண்ணும் விஷம் வைக்கல. வேற யாரையாவது பிடி."

"கிண்டலுக்குக் குறைச்சலில்லை. இங்க எனக்கு உயிர் போகுது."

போகத்தான் செய்தது. இன்னும் கால் மணியில் அலுவலகத்திலிருந்து மேடம் அழைப்பார். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அது நிலைக்குமா, நடையைக் கட்ட வேண்டியதுதானா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். மேடம் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட வேண்டும். அம்புக்குறியோ கையை நகர்த்தினால் யோசித்து யோசித்து ஊர்ந்தது. பிறகு ஒரே தாவாகத் தாவி மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு வாரமாகவே இந்தக் கூத்து. காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் குழந்தையைத் தூங்கவைக்கப் போய், தானும் கண்ணயர்ந்து, எழுந்து வந்து உட்கார்ந்தால் மக்கர். பல் முளைக்கிற குழந்தை, ராத்திரியில் கண்ணை மூட விடுவதில்லை. மதியம் அந்தக் கொஞ்ச நேரமும் படுக்காவிட்டால் அவளால் நிற்கவே முடியாது.

போன வாரம் ஒரு நாள் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. வந்து பார்த்தால் அவள் நாற்காலியில் மூத்தவள். கை மவுஸ் மேல்.

"என்னக்கா?"

"தூசி தட்டினேன்."

தூசி தட்டுகிறவள் சட்டமாக நாற்காலியில் உட்கார்ந்தா தட்டுவாள்? அன்றிலிருந்து, படுக்கப் போகும் முன் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் பூட்டு.

"என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்க. மேடம் கூப்பிடற நேரமாச்சு."

விடுப்பில் இருந்த கணவன் வந்து மவுஸை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தான்.

"அண்ணி எதுக்கு இதைத் தொடப்போறாங்க?"

"உங்க அண்ணியை நீங்க விட்டுக்குடுப்பீங்களா? பூட்டறதுக்கு முன்னாடியே எதையோ நோண்டி வெச்சிருக்காங்க. நாலு காசு நானும் சம்பாதிக்கறது சில பேர் கண்ணை உறுத்துது."

கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்துக் குழாய் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கணவன் மவுஸை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையிலேயே தட்டித் தட்டி எங்கோ உள்ளே போனான்.

"கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா கம்ப்யூட்டர் தூங்கப் போயிடும். போகும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கறேன்னு மவுஸோட இணைப்பையும் அணைச்சிடுது. எழுந்த பிறகு மவுஸ் சரியா முழிச்சுக்கலை. அவ்வளவுதான்."

ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தான். கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பினான். அம்புக்குறி வெண்ணெயில் வழுக்கியதுபோல ஓடியது.

"பார்த்தியா, யாரும் நோண்டலை. போன மாசம் புதுசா மாத்தின மவுஸ், வந்த நாள்ல இருந்தே இருக்கற கோளாறு."

"அப்போ இத்தனை நாள் ஏன் வரலை?"

"இத்தனை நாள் கம்ப்யூட்டர் மதியத்துல தூங்கியிருக்காது."

"எப்படித் தூங்காம இருக்கும்? நான்தான் தினமும் போய்ப் படுத்துக்கறேனே."

அவன் பதில் சொல்வதற்குள் மேடத்தின் அழைப்பு வந்துவிட்டது. அவன் நழுவினான்.

மேடம் குடைந்தார். இந்தக் கணக்கைத் திற, அதைக் காட்டு, இது ஏன் இப்படி. மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்டது. இளையவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எல்லாம் முடிந்து மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் மாசம் உங்களைக் கண்டிச்சேன், ஞாபகம் இருக்கா? மதியமானா மவுஸ் அசையறதே இல்லை, ஆள் இருக்கீங்களா இல்லையான்னே தெரியலைன்னு."

இளையவள் தலையாட்டினாள். மறக்கிற திட்டா அது? வீடே கேட்கும்படி ஒலிபெருக்கியில் வாங்கியது. அதற்குப் பிறகும் மதியத் தூக்கத்தை விட முடியவில்லை. மேடமும் எதுவும் சொல்லாததால் கவனிப்பதை விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தாள்.

"அதுக்கப்புறம் உங்களை அசைக்க முடியலை. மத்தவங்க சாப்பிடப் போற நேரத்துலகூட உங்க பேருக்குப் பக்கத்துல மட்டும், ஆள் இருக்கீங்கன்னு பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தது. இந்த வாரம்தான் மதியத்துல அணைஞ்சு போச்சு. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோன்னு நான் பெருசா எடுத்துக்கலை. வேலை உங்களுக்கு உறுதிதான்."

நன்றி சொன்னாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, தினமும் மதியம் நான் படுத்த பிறகு..."

"அப்பப்போ உன் எலியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டேன். அதுக்கென்ன இப்போ? அந்தம்மா அன்னிக்கு உன்னைக் கிழிச்சது எனக்கும்தான் கேட்டுச்சு." மூத்தவள் திரும்பாமலே தட்டுகளை அடுக்கினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"