காற்று வெளியே போகணும்

“நம்ம வீட்டுச் சுவர்ல ஓட்டை போட மட்டும் விடமாட்டேன்” என்று மகன் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, பக்கத்து வரிசையில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் திரும்பவில்லை. டிரையரின் வட்டக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, உருளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். கைக்கு வந்த பணத்தில் தனக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்க வேண்டும் என்றாள். டிரையர் என்றதும் மகனுக்குச் சந்தோஷம்தான். மழை நாளில் வீடு முழுக்கக் கொடி கட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்மை அரை ஈரத்தில் எடுத்து இஸ்திரி போட்டே காயவைப்பது அவள்தானே.

விற்பனையாளர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, துணியின் ஈரத்தைத் தண்ணீராக்கித் தனக்குள்ளேயே ஒரு தொட்டியில் பிடித்துக்கொள்ளும். எந்த மூலையிலும் வைக்கலாம். மற்றது, ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே ஊதித் தள்ளும். அதற்குச் சுவரில் துளை வேண்டும். மகன் முதலாவதின் மேல் கையை வைத்தான். அம்மா இரண்டாவதின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“இதுன்னா உன் ரூம்லயே கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுக்கலாம்மா. தொட்டி ரொம்பினா நீ எடுத்து ஊத்திடப் போறே. சுவரும் தப்பிச்சுது, டைல்ஸும் தப்பிச்சுது.”

“இத்தனை வருஷம் ஈரத்துணியைச் சுமந்தாச்சு. இனிமே மெஷினோட தண்ணியையும் நான்தான் சுமக்கணுமா?” அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “காத்து வெளியே போகணும். எனக்கு அதுதான் வேணும்.”

இந்தக் குரல் அவனுக்குப் புதிது. அப்பா போன பிறகு, அவன் கேட்ட படிப்புக்கும், அவன் பார்த்து வைத்த பெண்ணுக்கும், புது வீட்டில் அவளுக்கு ஒதுக்கிய ஜன்னலில்லாத நடு அறைக்கும் “சரிப்பா” என்று தலையாட்டியவள். வேலையிடத்தில் நாற்பது பேரை மேய்த்த அதிகாரத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டே கடைக்குள் வந்துவிட்டாள் போலிருக்கிறது.

போதாததற்கு, துணைக்கு ஒரு ஆளையும் அழைத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரி மெஷின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மெக்கானிக். எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். அறுபதை நெருங்கிய மனிதர். வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். டிரையருக்குப் பின்னால் குனிந்து, காற்று வெளியேறும் வாயை டேப் வைத்து அளந்து, ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

“ஆறடிக் குழாய் போதும் மேடம். ஒரு வளைவுகூட வேணாம். நேரா வெளியே போயிடும்.”

மகனுக்குச் சிரிப்பு வந்தது. ஆள் வசமாக மாட்டிக்கொண்டார். அம்மாவின் அறையிலிருந்து வெளிச்சுவரைத் தொட வேண்டுமானால் சமையலறையைத் தாண்டிப் பதினாலு அடி போக வேண்டும். அதை விற்பனையாளரிடம் விலாவாரியாகச் சொன்னான். அவ்வளவு நீளம் போனால் காற்று திணறும், துணி காய்ந்த மாதிரிதான் என்று விற்பனையாளரும் அவன் பக்கம் சாய்ந்தார்.

“சார், நீங்க நம்ம வீட்டுப் பக்கம் வந்ததே இல்ல. குத்துமதிப்பா அளவு சொல்லாதீங்க” என்றான் மகன்.

“நான் குத்துமதிப்பா எதையும் அளக்கறதில்ல தம்பி” என்ற ஸ்பேனர், அதற்கு மேல் சொல்லலாமா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி விற்பனையாளரிடம் நீட்டினாள். ஆறடிக் குழாயையும் சேர்த்து இதற்கே பில் போடச் சொன்னாள்.

மகனுக்குச் சுருக்கென்றது. “சுவரை யார் உடைக்கிறாங்கன்னு நானும் பார்க்கிறேன். நம்ம வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் அடிக்கணும்.”

“கேட்டேனே. காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி. ஆறு வருஷம் ஆச்சு.”

அம்மா விறுவிறுவென்று பில் போடும் இடத்துக்கு நடந்தாள். வீட்டுக்கு வரட்டும், இறக்க வருகிற ஆட்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறேன் என்று கறுவிக்கொண்டே அவனும் பின்னால் போனான்.

எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டாள் பில் போடும் பெண். மகன் வாயைத் திறப்பதற்குள் ஸ்பேனர் முந்திக்கொண்டார். கதவு எண்ணிலிருந்து எத்தனையாவது மாடி என்பதுவரை நிதானமாகச் சொன்னார். அவன் கேள்விப்பட்டே இராத ஒரு தெரு. அம்மா அவரை ஒட்டி நின்று, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

“யார் அட்ரஸ்மா அது? தப்பா சொல்றாரு பாரு. நம்ம வீட்டுக்குத்தானே வாங்கறோம்?”

அம்மா ஸ்பேனரின் கையிலிருந்த டேப்பை வாங்கினாள். சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நம்ம வீட்டுக்கு இல்லடா. எங்க வீட்டுக்கு.”