பன்னிரண்டாவது குழி

பன்னிரண்டாவது குழியில் ஒன்றுமே இல்லை.

அவள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

ஒன்றுமே இல்லை.

சோதனைத் தட்டின் மற்ற பதினொரு குழிகளிலும், குழிக்கு ஒரு நோயாளியாக, தைராய்டுப் புற்றணுக்கள் நடுவிலிருந்த சல்லடையின் பொடித்துளைகளில் உடம்பை நுழைத்து, பிதுங்கி, அடிப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. சல்லடைக்குக் கீழே ஊற்றியிருக்கும் கீமோகைன் என்ற ரசாயனம் அவற்றை வா வா என்று கூப்பிடும். கூப்பிட்டதும் கிளம்புகிற கட்டிதான் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி.

ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். ஆனால் பன்னிரண்டு யாரென்று அவளுக்குத் தெரியும்.

ஜுலைகா லாத்தா. கூடப் பிறந்த அக்கா.

கழுத்தில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. கைக்குழந்தைக்கு ஏழு மாதம். மிச்சமிருக்கும் புற்றை அழிக்கக் கதிரியக்க அயோடின் குடிக்க வேண்டும், அதற்கு ஆறு வாரம் முன்பே தாய்ப்பாலை அடியோடு நிறுத்த வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிறுத்தி ஐந்து நாள். பிள்ளை புட்டியைத் தட்டிவிட்டு வீறிட்டான். லாத்தா அடுத்த அறையில் பால் கட்டிக்கொண்டு, நைட்டி நனைய, உட்கார்ந்து அழுதாள்.

இந்தச் சோதனை ஆராய்ச்சிக்கு மட்டும். நோயாளியிடம் மூச்சு விடக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

வராந்தாவுக்கு ஓடிப்போய் போன் செய்தாள்.

"லாத்தா, உன்னோட கட்டி நகரவே இல்ல, வேற எங்கயும் பரவாது!"

அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

திரும்பி வந்து மேசையை ஒதுங்கவைத்தாள்.

நேற்றைய டிப் பெட்டி திறந்து கிடந்தது. கீமோகைன் ஊற்ற ஒரு குழிக்கு ஒரு பிளாஸ்டிக் முனை, அதுதான் டிப். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயில் மாட்டி, ஊற்றி, எறிந்துவிட வேண்டும். வரிசைக்குப் பன்னிரண்டு. வரிசை காலியானால் வேலை முடிந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு டிப் நின்றிருந்தது.

பன்னிரண்டாவது டிப். நேற்று லாத்தாவின் எண் வந்தபோது பிப்பெட்டைக் கீழே வைத்தாள். தள்ளிப்போய் நின்று ஒரு நிமிடம் இறைவனிடம் துஆ கேட்டாள். திரும்பி வந்தவள், ஊற்றிவிட்ட நினைப்பில், தட்டின் மூடியைப் போட்டுவிட்டாள்.

அந்த உயிரணுக்களை யாரும் கூப்பிடவே இல்லை.

அப்போதே போன் செய்திருக்கலாம். நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயம், வேறொன்றுமில்லை. லாத்தாவின் மிச்சமிருந்த உயிரணுக்களைப் புதுக் குழியில் விட்டு, இந்த முறை கீமோகைனை ஊற்றினாள்.

மறுநாள் காலை சல்லடையின் அடிப்பக்கம் எண்ணி மாளவில்லை. மற்ற பதினொன்றையும்விட அதிகம்.

அதே வராந்தா. மூன்றாவது மணியில் லாத்தா எடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு குழைந்த குரலை அவள் கேட்டதில்லை.

"மெதுவாப் பேசு புள்ள. பால் குடிக்கான். நேத்து நீ சொன்னதுலருந்து என்னைய விடவே மாட்டேங்கான்."

சப்பும் சத்தம் போனில் கேட்டது.

அவன் குடித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.