பூப்பூவாய் ஒரு ராஜினாமா

"மார்ச் 3, செவ்வாய். இன்றைய தவறு: சி அடிக்க வேண்டிய இடத்தில் டி. விளைவு: இரண்டு பத்தி பூக்கள். காரணம்: அனுப்பும் முன் பார்க்கவில்லை."

மாலை வகுப்புக்கு ஆசிரியர் வருவதற்குள் நாட்குறிப்பில் இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள்.

பகலில் ஒரு டைப்செட்டிங் கடையில் வேலை, மாலையில் அதே தொழிலுக்கு வகுப்பு. போன வாரப் பாடம், எல்லா அச்சு இயந்திரங்களிலும் ஏற்கெனவே இருக்கும் முப்பத்தைந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள். கூப்பிட மூன்றெழுத்துக் குறியீடு போதும். கையெழுத்துப் போலச் சாய்ந்து வரும் எழுத்துருவுக்கும், எழுத்தே இல்லாமல் பூவும் நட்சத்திரமும் பென்சிலுமாக வரும் எழுத்துருவுக்கும் குறியீட்டில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு.

இன்று பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் முதலாளிக்கு ஒரு கடிதம் அடித்திருந்தாள். மரியாதையாகத் தெரியட்டும் என்று முதலாவதைக் கேட்க நினைத்து, இரண்டாவதைக் கேட்டுவிட்டாள். பிரிண்டர் முதலாளி அறையில் இருந்ததால், வந்த தாளை அவள் பார்க்கவும் இல்லை. வகுப்பில் நோட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது.

அது ராஜினாமாக் கடிதம். காரணம், மன்னிப்பு, எந்தத் தேதியோடு நிற்கிறேன் என்பது வரை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

மத்தியானம் அச்சகத்திலிருந்து அவள் வடிவமைத்த கணக்குப் புத்தகம் வந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் கழித்தல் குறி மட்டும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்க எதையும் கழிக்க முடியாது. எல்லா இயந்திரத்திலும் இருப்பதுதானே என்று எழுத்துருக்களைக் கோப்போடு சேர்த்து அனுப்பாதது அவள்தான். முதலாளி புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். போ என்று அவர் சொல்வதற்குள் தானே போய்விடுவது என்று முடிவு செய்தாள். படித்ததைக் கையால் செய்து பார்க்க அவளுக்கு வேறு இடம் கிடையாது என்பதும் தெரிந்துதான் செய்தாள்.

புதன்கிழமை காலை அரை மணி முன்னதாகவே போனாள். முதலாளி அதற்கும் முன்னதாக வந்திருந்தார். பூக்கள் நிறைந்த தாள் அவர் மேஜையில், கண்ணாடியின் மேல் கிடந்தது. கண்ணாடிக்கு அடியில் எப்போதும்போல முப்பத்தைந்து எழுத்துருக்களின் மாதிரித் தாள், எந்த விசைக்கு எதில் என்ன வரும் என்ற பட்டியலோடு, ஓரம் மஞ்சளாகி.

இரவு கையாலேயே எழுதிவந்த கடிதத்தை நீட்ட அவள் வாயெடுக்கும்போது தொலைபேசி அடித்தது. அச்சகத்துக்காரர். தங்கள் இயந்திரத்தில் எழுத்துருக்களைப் புதிதாக ஏற்றும்போது கழித்தல் குறி இருக்கும் எழுத்துரு விடுபட்டுவிட்டதாம், தவறு தங்களுடையதாம், மறுபடி அச்சடித்துத் தருகிறார்களாம். முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு, அவள் கோப்பில் குறை இல்லை என்றும், இருந்தாலும் இனி எழுத்துருக்களைச் சேர்த்தே அனுப்பு என்றும் சொன்னார்.

அவளுக்கு உயிர் வந்தது. புதுக் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் தள்ளினாள். இனி பழைய தாள் ஒன்றுதான் பாக்கி. அதில்தான் நல்லவேளையாக ஒரு எழுத்தும் இல்லையே.

"அது டெஸ்ட் பேஜ் சார். குப்பையில போட்டுடவா?"

"இருக்கட்டும்," என்றார் அவர்.

மெய்ப்புப் பார்க்கும் அக்கா தாளை எட்டிப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று விசாரித்தாள். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டாள். "பூவெல்லாம் பத்தி பிரிச்சு நிக்குது. கீழ 'இப்படிக்கு' மாதிரி ஒரு வரி ஒதுங்கி வேற நிக்குது. மரியாதை தெரிஞ்ச பூதான் போ."

அவள் சிரித்து வைத்தாள். மத்தியானம் மறுபடி பார்த்தபோது தாளில் ஓரிடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் ஒரு பேனா முனை, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அலங்காரம் முதலாளிக்குப் பிடித்துவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"இந்த ரெண்டையும் பக்கத்தைச் சுத்தி ஓரமா அடிச்சுத் தரட்டுமா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவை அடிச்சதே அதிகம்மா."

சாயங்காலம் அக்கா கிளம்பிப் போனாள். அவளும் நாட்குறிப்பையும் நோட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்ல அறை வாசலில் நின்றாள். நாளைக்கும் இதே வாசலுக்கு வரலாம் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

முதலாளி தாளை அவள் பக்கம் திருப்பிவைத்து, சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு விரலையும், கண்ணாடிக்கு அடியில் இருந்த மாதிரித் தாளின் மேல் இன்னொரு விரலையும் வைத்தார்.

"பதினஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமைம்மா. நாளைக்குக் காலைல வந்து ஒண்ணு தேதியைத் திருத்து, இல்ல தாளைக் கிழி."